டீசலில் ஓடும் பனிநாட்டுச் சிற்றூருக்கு நிலவெப்பப் பம்பி பொருந்துமா?

உவர்மலை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் என்னிடம் பௌதிகவியல் படித்த ஒருவர் இப்போது கனடாவின் வடக்கே, வீதித் தொடர்பு இல்லாத ஒரு சிற்றூரின் மின்நிலையத்தில் வேலை செய்கிறார். அங்குள்ள ஊர்ச்சபை, பாடசாலையையும் மருத்துவ நிலையத்தையும் பின்னர் வீடுகளையும் சூடாக்குவதற்கு நிலவெப்பப் பம்பிகளைப் பொருத்தலாமா என்று ஆராய்கிறதாம். விற்பனையாளர் கொடுத்த விளக்கத்தாளில் ஓர் அலகு மின்சாரத்துக்கு நான்கு அலகு வெப்பம் கிடைக்கும் என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை நம்பலாமா என்று கேட்டு எனக்கு எழுதியிருந்தார். இந்தக் குழுவில் ஐஸ் ஆலையில் வேலை செய்பவர்களும், மின்பிறப்பாக்கி தெரிந்தவர்களும், நிலவியல் படித்தவர்களும் இருப்பதால், தனிமடலில் பதில் எழுதாமல் கேள்வியை இங்கே வைக்கிறேன். அவரும் விரைவில் இணைவார்.

அறியாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் புதைத்த குழாய்களில் உறையாத திரவம் ஒன்று சுற்றிவந்து மண்ணின் வெப்பத்தை ஏந்தி வருகிறது. அந்த வெப்பத்தில் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் குளிரூட்டி ஆவியாகிறது. அந்த ஆவியை அமுக்கி நெருக்கும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. உயர்ந்த வெப்பத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம்மாற்றுகிறது. ஆகவே ஒன்றுக்கு நான்கு என்பதில் ஆற்றற் காப்பு விதிக்கு முரணான எதுவும் இல்லை. மீதி மூன்று பங்கு மண்ணிலிருந்து வருகிறது. இந்த விகிதத்தையே செயற்றிறன் குணகம் என்கிறார்கள். கெல்வின் பிரபு இந்த எண்ணத்தை 1852இலேயே முன்வைத்தார்; நிலத்தையே வெப்ப மூலமாகக் கொள்ளும் முறைக்குச் சுவிற்சர்லாந்தின் ஹைன்ரிக் சோலி 1912இல் காப்புரிமை பெற்றார். கோட்பாட்டில் எனக்கு ஐயமில்லை. அது அந்த ஊரில் நிற்குமா என்பதே கேள்வி.

கொட்பே ஐஸ் ஆலைக்காரன்

சேர், வணக்கம். நீங்கள் சொல்வது எங்கள் ஆலையில் தினமும் ஓடும் இயந்திரம்தான். நாங்கள் உப்புநீர்த் தொட்டியிலிருந்து வெப்பத்தை எடுத்து வெளியே வீசுகிறோம்; அவர்கள் வீசும் பக்கத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். எனவே எங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல முடியும். ஆவியை நெருக்கும் இயந்திரமான அமுக்கி எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது, வெப்பத்தை எடுக்கும் இடத்துக்கும் கொடுக்கும் இடத்துக்கும் உள்ள வெப்பநிலை இடைவெளி. ஆவி வெப்பத்தை விட்டுத் திரவமாகும் ஒடுக்கியில் பாசியும் உவர்ப்படிவும் ஏறி அதன் வெப்பநிலை சில பாகை கூடினாலே எங்கள் மின்கட்டணத்தில் அது தெரிந்துவிடும்.

ஆகையால் விளக்கத்தாளைக் கையில் எடுத்தவுடன் கேட்க வேண்டியது, அந்த நான்கு என்ற எண் எந்த இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையில் அளக்கப்பட்டது என்பதுதான். நிலத்திலிருந்து வரும் திரவம் 0 பாகையிலும், தரைக்கடியில் ஓடும் வெந்நீர் 35 பாகையிலும் இருக்கும்போது அளந்த எண்ணை, திரவம் −5 பாகையிலும் பழைய சுவர் ரேடியேட்டர் 65 பாகையிலும் இயங்கும் வீட்டுக்குப் பொருத்திப் பேசக் கூடாது.

உவர்மலை ஆசிரியர்

ஐஸ் ஆலைத் தம்பி சொன்னதைக் கணக்காக்கிப் பார்த்தேன். இலட்சிய இயந்திரத்தின் குணகம், கொடுக்கும் இடத்தின் கெல்வின் வெப்பநிலையை இரண்டுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து வருவது. −5 பாகையிலிருந்து 35 பாகைக்கு உயர்த்துவதானால் 308ஐ 40ஆல் வகுக்க 7.7 வருகிறது, 65 பாகைக்கு உயர்த்துவதானால் 338ஐ 70ஆல் வகுக்க 4.8 மட்டுமே. நடைமுறை இயந்திரங்கள் இலட்சியத்தின் பாதியை எட்டுவதே அரிது. எனவே முதல் வீட்டில் மூன்றரை, இரண்டாவது வீட்டில் இரண்டும் சற்று மேலும் என எதிர்பார்க்கலாம். மண்ணும் ஒன்றே, இயந்திரமும் ஒன்றே. வீட்டுக்குள் வெப்பத்தைப் பரப்பும் முறை மட்டுமே வேறு.

சாம்பல்தீவு மாணவி

ஒரு சிறு சந்தேகம் ஐயா. நமது திருகோணமலைக் கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் வெந்நீர் தானாகவே ஊறுகிறது. பூமிக்குள் இயல்பாகவே சூடு இருக்கிறதென்றால், அங்கும் சற்று ஆழமாகத் தோண்டினால் அமுக்கி இல்லாமலே சூடு கிடைக்காதா?

நிலவியல் படித்தவன்

தங்கச்சியின் கேள்வி நல்ல கேள்வி. படித்தவர்களும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கன்னியாவில் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கு சூடேறி, வேறொரு வெடிப்பு வழியே விரைவாக மேலேறுவதால்தான் 40 பாகையை அண்டிய நீர் கிணற்றில் கிடைக்கிறது. சாதாரண நிலத்தில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை கூடும். வடகனடாவில் மேற்பரப்பே −5 பாகையாக இருந்தால், ஒரு கிலோமீட்டர் தோண்டிய பின்னரும் கிடைப்பது வெதுவெதுப்பான நீரே. அந்த ஆழத்துக்குத் துளையிடும் செலவைச் சில நூறு பேர் வாழும் ஊர் தாங்காது.

வெப்பப் பம்பி பயன்படுத்துவது அந்த ஆழத்து வெப்பத்தை அன்று. இரண்டு மூன்று மீட்டரில் கிடையாகப் புதைத்த குழாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் கோடை வெயில் மண்ணில் விட்டுச்சென்ற வெப்பம். பூமிக்குள்ளிருந்து மேலே கசியும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.06 வாற்று மட்டுமே. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அரைக் கிலோவாற்று மணித்தியாலம்தான் தேறும். ஆண்டுக்கு 20,000 கிலோவாற்று மணித்தியால வெப்பம் தேவைப்படும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குணகம் மூன்று என்றால் மண் தர வேண்டியது 13,300 அலகு. பூமியின் உட்கசிவை மட்டும் நம்பினால் அந்த ஒரு வீட்டுக்கு ஆறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும்! எனவே வெயிலும், சுற்றியுள்ள மண்ணிலிருந்து பக்கவாட்டில் வரும் வெப்பமும், நிலத்தடி நீரோட்டமும்தான் எடுத்ததை மீண்டும் நிரப்ப வேண்டும். வடக்கே போகப் போகக் கோடை குறுகுகிறது; எடுப்பது கூடுகிறது, நிரம்புவது குறைகிறது.

பத்து மீட்டருக்குக் கீழே நிலத்தின் வெப்பநிலை பருவத்தோடு மாறாமல், அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். பனிப்போர்வை இருந்தால் சில பாகை கூடுதலாக இருக்கும். நமக்கு அது 28 பாகையை ஒட்டியது. வடகனடாவின் நுனவூட் பிரதேசத் தலைநகரான இகாலுயிட்டில் ஆண்டுச் சராசரி −9 பாகை. கேள்வி கேட்ட நண்பர் தமது ஊரின் ஆண்டுச் சராசரியையும், கீழே பாறையா மண்ணா என்பதையும் முதலில் சொல்ல வேண்டும்.

பனிக்கரை

சேருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். கேள்வி என்னுடையதுதான். ஊரின் பெயரைத் தவிர்த்துவிட்டு நிலைமையைச் சொல்கிறேன். ஆண்டுச் சராசரி −5 பாகைக்கு அருகில். ஜனவரியில் −40 பாகை வியப்பன்று. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்த பின் சில வாரங்களுக்கு மட்டும் பனிவீதி திறக்கும். ஆண்டுக்குத் தேவையான டீசலும் சூடாக்கும் எண்ணெயும் அப்போதே வந்து தொட்டிகளில் நிரப்பப்பட வேண்டும். பனிவீதி திறந்திருக்கும் காலம் குறைந்துகொண்டே வருவதாக முதியவர்கள் சொல்கிறார்கள். மின்சாரம் முழுவதும் டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்து வருகிறது. வீடுகளில் எண்ணெய் உலைகள் இருக்கின்றன; சிலர் விறகும் எரிக்கிறார்கள். ஊரின் ஒரு பகுதி பாறைமேட்டிலும், மறுபகுதி ஏரிக்கரையில் பனிக்கட்டி கலந்த களிமண்ணிலும் இருக்கிறது. அந்தக் களிமண்ணில் நிரந்தர உறைநிலம், அதாவது கோடையிலும் இளகாமல் உறைந்தே கிடக்கும் நிலம், துண்டு துண்டாக உண்டு.

ஊர்ச்சபையினர் இந்தத் திட்டத்தை விரும்புவதற்குக் காரணம் கட்டணம் மட்டுமன்று. எண்ணெய்த் தொட்டிகள் கசிந்து மண் கெட்டுப்போன கதை வடக்கே பல ஊர்களில் உண்டு. தாங்கள் மீன் பிடிக்கும் ஏரியின் அருகே எண்ணெய் குறைய வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் அக்கறை.

சீனக்குடா மின்னியலாளர்

தம்பி, எல்லா மின்சாரமும் டீசலிலிருந்து என்று நீங்கள் எழுதியதும் விடயத்தின் முகமே மாறிவிட்டது. பொறுமையாகக் கணக்கிடுவோம்.

ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாற்று மணித்தியால ஆற்றல் இருக்கிறது. நன்றாகப் பராமரிக்கப்படும் மின்பிறப்பாக்கி அதிலிருந்து 3.6 அலகு மின்சாரம் தரும். கம்பியில் இழப்புப் போக வீட்டுக்கு 3.4 என்று வைத்துக்கொள்வோம். அதே ஒரு லீற்றரை வீட்டிலுள்ள உலையிலேயே எரித்தால், 85 சதவீதத் திறனில் 8.5 அலகு வெப்பம் நேரடியாகக் கிடைக்கிறது. எனவே வெப்பப் பம்பி 3.4 அலகு மின்சாரத்தை வாங்கி 8.5 அலகு வெப்பம் கொடுத்தால்தான் உலையோடு சமநிலைக்கே வரும். அதாவது குணகம் 2.5 என்பது இலாபத்தின் தொடக்கமே தவிர இலாபம் அன்று. குணகம் 3 என்றால் எண்ணெயில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும்; ஆசிரியர் கணக்கிட்ட 65 பாகை ரேடியேட்டர் வீட்டிலோ, இப்போது எரிப்பதைவிடக் கூடுதலான எண்ணெய் எரியும். மண்ணுக்குள் திரவத்தைச் சுற்றவைக்கும் பம்பியின் மின்சாரத்தையும் இந்தக் குணகத்துக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். உறையாமலிருக்கக் கிளைகோல் கலந்த நீர் குளிரில் தடிப்பதால் அந்தப் பம்பி இழுப்பதும் சிறிதன்று. விளக்கத்தாள்களில் அதைப் பலமுறை விட்டுவிடுவார்கள்.

மின்சாரத்துக்கு மானியம் இருக்கும் ஊர்களில் இன்னொரு சிக்கல் எழும். வீட்டுக்காரரின் கட்டணம் குறைவது போலத் தெரியும். மின்நிலையத்தில் எரியும் எண்ணெய் கூடிக்கொண்டிருக்கும். எந்தக் கணக்கைப் பார்க்கிறோம் என்பதை ஊர்ச்சபை தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. அந்த ஒரு லீற்றரில் மின்சாரமாகாத மீதி எங்கே போகிறது? ஏறத்தாழ கால் பங்கு இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரில் 80 பாகைக்கு மேற்பட்ட சூட்டோடு வெளியேறி, விசிறி ரேடியேட்டரால் பனிக்காற்றில் வீசப்படுகிறது. பாடசாலை மின்நிலையத்துக்கு அருகில் இருந்தால், காப்பிட்ட இரண்டு குழாய்களும் ஒரு வெப்பமாற்றியும் போதும், அமுக்கி வேண்டியதில்லை. அலாஸ்காவில் பல கிராமங்கள் இப்படித்தான் பாடசாலைகளையும் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சூடாக்குகின்றன. அதை விட்டுவிட்டு மண்ணுக்குள் வெப்பம் தேடுவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான்.

பின்மார்க் அக்கா

திருகோணமலையில் பிறந்து, நோர்வேயின் வடகோடியில் வாழ்பவள் நான். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து இங்குள்ள மீன் தொழிற்சாலைகளுக்கு நம்மவர்கள் பலர் வந்து குடியேறியதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் உரையாடலைப் படிக்கும்போது வெப்பப் பம்பி என்பதே குளிர்நாட்டுக்கு ஆகாத பொருள் என்பது போன்ற எண்ணம் வருகிறது. இங்கே பாறையில் துளையிட்டு வெப்பம் எடுக்கும் கட்டடங்களும், காற்றிலிருந்து எடுக்கும் வீடுகளும் மிகச் சாதாரணம். சுவீடனில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலவெப்பப் பம்பிகள் இருக்கின்றன. ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள திராமன் நகரில் 2011இலிருந்து, எட்டு ஒன்பது பாகையிலுள்ள கடல்நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து 90 பாகை வெந்நீராக்கி நகர வெப்ப வலையமைப்புக்குக் கொடுக்கிறார்கள். அந்த நிலையத்தின் குளிரூட்டி அமோனியா என்பதை ஐஸ் ஆலைத் தம்பிக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தொலைவும் குளிரும் இங்கும் உண்டு. அப்படியிருக்க, இங்கு சரிவருவது அங்கே ஏன் வராது?

சீனக்குடா மின்னியலாளர்

அக்கா, நோர்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்களவு நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. அங்கே குணகம் 2 ஆனாலும் இலாபம்தான், ஏனெனில் ஒப்பிட வேண்டியது மின்சூடாக்கியோடு. பனிக்கரைத் தம்பியின் ஊரில் ஒப்பிட வேண்டியது எண்ணெய் உலையோடு.

நிலவியல் படித்தவன்

இன்னொரு வேறுபாடும் உண்டு. நீரோட்டம் கடலை வெப்பமாக வைத்திருப்பதால் அக்கா வாழும் பின்மார்க் கரையோரத்தின் ஆண்டுச் சராசரி உறைநிலைக்கு மேலே நிற்கிறது; பாறையும் உறைவதில்லை. அகலக்கோட்டில் அதற்குத் தெற்கே இருந்தும் வடகனடாவின் உட்பகுதி அதைவிட மிகக் குளிர்ந்தது.

கனடாவிலேயே நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமானால் மானிட்டோபாவைப் பாருங்கள். பெகுவிஸ், பிஷர் ரிவர் ஆகிய பூர்வகுடிச் சமூகங்களில் அகி எனர்ஜி என்ற சமூகத் தொழில்முயற்சி, ஊரவர்களுக்கே பயிற்சி கொடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் நிலவெப்பப் பம்பிகளைப் பொருத்தியது. அந்தச் சமூகங்கள் மாகாணத்தின் நீர்மின் வலையமைப்போடு இணைந்தவை என்பதை மறந்துவிட்டு அவர்களின் வெற்றியை அப்படியே டீசல் ஊருக்கு எடுத்துச்செல்லக் கூடாது. ஆயினும் பொருத்தியவர்களும் பழுதுபார்ப்பவர்களும் அந்த ஊர்க்காரர்களே என்பது எங்கும் எடுத்துச்செல்லத்தக்கது.

பனிக்கரை

மின்னியலாளர் ஐயாவின் கணக்கு என்னைச் சிந்திக்க வைத்தது. எங்கள் மின்நிலையத்திலிருந்து பாடசாலை நடந்துபோகும் தூரம்தான். ஆனால் மண் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. ஊர்ச்சபையில் ஒருவர், மண்ணிலிருந்து வெப்பத்தை எடுத்தால் நிரந்தர உறைநிலம் கெட்டு வீடுகள் சாயும் என்கிறார். இன்னொருவர், எடுப்பதால் உறைநிலம் இன்னும் உறுதியாகும் என்கிறார். எது சரி?

நிலவியல் படித்தவன்

இரண்டாமவர் சொல்வதில் பௌதிகம் சரி. உறைநிலத்தைக் கெடுப்பது அதற்குள் போகும் வெப்பம். வெளியேறும் வெப்பம் அன்று. 1977இல் இயங்கத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாய்வழியில், உறைநிலத்தின் மீது நிற்கும் தூண்களில் அமோனியா நிரப்பிய வெப்பக் குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவை தாமாகவே மண்ணின் வெப்பத்தை எடுத்துக் காற்றுக்குக் கொடுத்து, மண் இளகாமல் காக்கின்றன. ஆனால் முதலாமவரின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. அவருடைய அச்சம் வேறொரு வழியில் உண்மையாகலாம்.

உறையாத ஈரமண்ணில் குழாயைப் புதைத்தால், வெப்பத்தை எடுக்க எடுக்க அந்த மண் உறையத் தொடங்கும். உறையும்போது நீர் மறைவெப்பத்தைக் கொடுக்கும். இது பம்பிக்கு நல்லது. ஒரு கன மீட்டர் மண்ணில் 300 கிலோகிராம் நீர் இருந்தால் அது உறைவதால் மட்டும் 28 கிலோவாற்று மணித்தியாலம் கிடைக்கிறது. முன்பு சொன்ன வீட்டின் 13,300 அலகையும் இவ்வழியில் எடுத்தால் ஒரு குளிர்காலத்தில் 480 கன மீட்டர் மண், அதாவது 20 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் 2 மீட்டர் தடிப்பும் கொண்ட ஒரு கட்டி, உறைந்துவிடும். நீர் உறைந்து விரிவதோடு, சுற்றியுள்ள நீரையும் தன்பால் இழுத்துக் கட்டிகளாக்கும். நுண்ணிய வண்டலிலும் களியிலும் இது நிலத்தையே உந்தித் தூக்கும். அடித்தளத்துக்கு அருகே குழாயைப் புதைத்தால் வீடு சாயத்தான் செய்யும். கோடையில் அது முழுவதும் இளகாவிட்டால், அடுத்த ஆண்டின் குளிர் முன்னைய ஆண்டின் பனிக்கட்டி மீதே ஏறும்.

இது வெறும் ஊகம் அன்று. அலாஸ்காவின் ஃபெயர்பேங்ஸ் நகரிலுள்ள குளிர்காலநிலை வீடமைப்பு ஆய்வு நிலையம், 2013இல் தனது சொந்தக் கட்டடத்துக்கே நிலவெப்பப் பம்பி ஒன்றைப் பொருத்தி, மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் சுருள் சுருளாகக் குழாய் புதைத்து, ஆண்டுதோறும் அளந்துவந்தது. முதற் குளிர்காலத்தில் குணகம் 3.7 அளவில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது 3ஐ அண்டி இறங்கியது, ஏனெனில் குழாயைச் சுற்றிய மண் ஆண்டுக்காண்டு குளிர்ந்தது. மேற்பரப்பைப் புல்லாகவும் மணலாகவும் சரளையாகவும் பிரித்து, எது கோடை வெயிலைக் கூடுதலாக உள்வாங்குகிறது என்றும் பார்த்தார்கள். விற்பனையாளரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: முதலாம் ஆண்டின் எண்ணை வைத்திருக்கிறீர்களா, ஐந்தாம் ஆண்டின் எண்ணை வைத்திருக்கிறீர்களா? சமநிலை 2.5இல் நிற்கும் ஊரில் 3.7 நல்ல முதலீடு, 2.8 என்றால் துளையிடும் கூலியே திரும்பி வராது.

எனவே ஏரிக்கரைக் களிமண்ணை விட்டுவிடுங்கள். பாறைமேட்டில் செங்குத்தாகத் துளையிடுவதையே பரிசீலிக்கலாம். பாறையில் நீர் குறைவு. உந்தித் தூக்கும் பிரச்சினை இல்லை. கருங்கல் ஈரமற்ற மணலைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நமது கோணேசர் மலையிலுள்ள குவாட்சைட்டுப் பாறை அதனினும் நன்று. பனிக்கட்டியும் நீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கடத்தும் என்பதால், உறைந்த ஈரமண் அவ்வளவு மோசமான கடத்தியன்று. குறை அதன் தாழ்ந்த வெப்பநிலையில்தான் இருக்கிறது. பத்துக் கிலோவாற்று வெப்பம் தேவைப்படும் வீட்டுக்கு, குணகம் மூன்றானால், நிலம் 6.7 கிலோவாற்று தர வேண்டும். மிதமான நாட்டின் ஈரப்பாறையில் மீட்டருக்கு 40 வாற்று எடுத்தால் 170 மீட்டர் ஆழம் போதும். உங்கள் குளிர்ந்த பாறையில் 25 வாற்றுத்தான் எடுக்கலாம் என்றால் 270 மீட்டர் வேண்டும். துளையிடும் இயந்திரம் பனிவீதி வழியே வந்து, அடுத்த பனிவீதி வரை அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டுக்காக அதைக் கொண்டுவருவது வீண்செலவு.

நிலாவெளி வாசகர்

எல்லாம் சரி, −40 பாகையில் அமுக்கி நின்றுவிட்டால் யார் வருவார்கள்? வானிலை கெட்டால் விமானமும் வராது. நான் அந்த ஊரில் இருந்தால் விறகடுப்பை விடமாட்டேன்.

கொட்பே ஐஸ் ஆலைக்காரன்

நிலாவெளி ஐயா சொல்வது மிகச் சரி, யாரும் விடக் கூடாது. குளிரூட்டியைக் கையாளத் தெரிந்தவர் ஒருவர், வெற்றிடப் பம்பி ஒன்று, மாற்று அமுக்கி ஒன்று, கட்டுப்பாட்டுப் பலகையின் மாற்று ஒன்று ஆகியவை ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். பத்து வீடுகளில் பத்து வகை இயந்திரங்களை வாங்கிவிட்டால் உதிரிப்பாகம் வைப்பதே முடியாத காரியமாகிவிடும். ஒரே வகையையே வாங்கச் சொல்லுங்கள். மண்ணுக்குள் ஓடும் திரவத்துக்கு எதிலீன் கிளைகோலைத் தவிர்த்துப் புரோப்பிலீன் கிளைகோலைக் கேளுங்கள். முன்னது நஞ்சு. ஏரி மீனை நம்பி வாழும் ஊரில் அந்த ஆபத்து வேண்டாம்.

பின்மார்க் அக்கா

ஏரி என்றதும் ஒன்று தோன்றியது. மண் அவ்வளவு கடினமானால் நீரிலிருந்து எடுக்கக் கூடாதா? அலாஸ்காவின் சீவர்ட் நகரிலுள்ள கடல்வாழ் உயிரின நிலையம், ரெசரக்சன் விரிகுடாவின் கடல்நீரிலிருந்தே தன் கட்டடத்துக்கு வெப்பம் எடுக்கிறது. ஆழநீர் கோடைச் சூட்டை இலையுதிர்காலம் வரை பிடித்துவைத்திருப்பதால், காற்று உறைந்த பின்னரும் நீர் உறைநிலைக்கு மேலே நிற்கிறது.

நிலவியல் படித்தவன்

நல்ல வழிதான். ஏரி மேலே உறைந்தாலும் அடியில் நீர் 4 பாகைக்கு அருகிலேயே இருக்கும், நன்னீர் அந்த வெப்பநிலையில்தான் அதிக அடர்த்தியுடையது. −5 பாகைப் பாறையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னிலை. மானிட்டோபாவில் வலையமைப்போடு இணையாத லாக் புரோஷே என்ற டீசல் ஊரில், ஏரிநீர் வெப்பப் பம்பியையும் சூரியத் தகடுகளையும் மரக்கழிவு எரிக்கும் கொதிகலனையும் சேர்த்துப் பொதுக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏரி போதிய ஆழமுடையதாக இருக்க வேண்டும். அடிவரை உறையும் குளமானால் குழாயைப் பனிக்கட்டி நசுக்கிவிடும். கரையைக் கடக்கும் இடத்தில் குழாயை உறையும் மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும்.

சாம்பல்தீவு மாணவி

அப்படியானால் நமது துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கின் குளிர்நீரால் இங்குள்ள கட்டடங்களைக் குளிர்விக்கலாம் அல்லவா?

உவர்மலை ஆசிரியர்

பௌதிகம் இடம் கொடுக்கும் மகளே. தொரன்றோ நகரம் 2004இலிருந்து ஒன்ராறியோ ஏரியின் ஆழநீரால் அலுவலகக் கட்டடங்களைக் குளிர்விக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன். இங்கே பனிக்கரையின் ஊரை முடித்துவிடுவோம்.

பனிக்கரை

ஊர்ச்சபைக்கு நான் எழுதப்போவதைச் சுருக்கமாக வைக்கிறேன். முதலில் மின்நிலையத்தின் குளிர்விப்பு நீரைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்வது. அதே கோடையில் வீடுகளின் கூரையையும் கதவிடுக்குகளையும் காப்பிடுவது, ஏனெனில் வெப்பத் தேவை குறையாத வீட்டில் எந்த இயந்திரமும் பெரிதாகவே வேண்டியிருக்கும். மருத்துவ நிலையம் ஏரிக்கு அருகில், தரைச்சூடாக்கலோடு புதிதாகக் கட்டப்பட இருக்கிறது. ஏரியின் ஆழத்தை அளந்த பின் அங்கே மட்டும் ஒரு வெப்பப் பம்பி, எண்ணெய் உலையைத் துணையாக வைத்துக்கொண்டு. வீடுகளுக்கான நிலக்குழாய்த் திட்டத்தை, காற்றாலையோ சூரியத் தகடோ வந்து மின்சாரத்தில் டீசலின் பங்கு குறையும் வரை ஒத்திவைப்பது.

காற்றாலை பற்றி ஒன்று கேட்க வேண்டும். அலாஸ்காவின் கொங்கிகனாக் போன்ற கிராமங்களில், மிஞ்சும் காற்று மின்சாரத்தை வீடுகளிலுள்ள செங்கல் அடுப்புகளில் வெப்பமாகச் சேமிக்கிறார்கள் என்று படித்தேன். வெப்பப் பம்பியே மேலானதல்லவா?

சீனக்குடா மின்னியலாளர்

குணகத்தில் மேலானது, மற்றவற்றில் அப்படியில்லை. செங்கல் அடுப்பில் அசையும் பாகம் ஒரு சிறு விசிறி மட்டுமே. காற்று வீசும் நொடியில் வாங்கி, வீசாத நேரத்தில் கொடுக்கும். வெப்பப் பம்பியை அடிக்கடி நிறுத்தித் தொடக்கினால் அமுக்கியின் ஆயுள் குறையும், அதற்கு வெந்நீர்த் தொட்டி ஒன்றை வைத்தே ஈடுகட்ட வேண்டும். நூறு வீடுகளில் பத்துக் கிலோவாற்றுப் பம்பிகளைப் பொருத்தினால், குணகம் 2.8 என்றாலும் கடுங்குளிர் இரவில் அவை எல்லாம் ஒன்றாக இழுப்பது 350 கிலோவாற்றுக்கு மேல். உங்கள் மின்நிலையத்தில் அவ்வளவு மிகை இருக்கிறதா என்று நீங்களே சொல்லலாம்.

பனிக்கரை

இல்லை ஐயா. புதிய இயந்திரம் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். மருத்துவ நிலையத்தின் ஒரு பம்பியைத் தாங்கும்; ஆனால் அது தொடங்கும்போது ஊர் முழுவதும் விளக்கு மங்குமோ என்றுதான் கவலை.

கொட்பே ஐஸ் ஆலைக்காரன்

நேரடியாகத் தொடக்கினால் மங்கும். மோட்டர் தொடக்கத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். மின்சபைக் கம்பி நின்று ஆலை எங்கள் சொந்த மின்பிறப்பாக்கியில் ஓடும் நாட்களில் நாங்கள் பெரிய அமுக்கியைத் தனியாக, மற்றவற்றை நிறுத்திவிட்டே தொடக்குவோம். நீங்கள் வாங்கும்போதே வேகம் மாறும் இன்வேட்டர் வகை அமுக்கியைக் கேளுங்கள். அது மெதுவாக ஏறும். அந்த வகை கிடைக்காவிட்டால் மோட்டரைப் படிப்படியாகத் தொடக்கும் மென்தொடக்கி ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் நின்று திரும்பி வரும்போது உலை விசிறிகளும் நீர்ப்பம்பிகளும் ஒரே நேரத்தில் எழும் என்பதால், வெப்பப் பம்பி மட்டும் சில நிமிடங்கள் பிந்தித் தொடங்கும்படி நேரந்தாழ்த்தும் ரிலே ஒன்றையும் போடுங்கள். அதன் விலை அமுக்கியின் விலையில் ஒரு பொருட்டே அன்று.